ஒத்துப்போன எண்

அப்பாவின் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை ஷர்மினி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. கட்டியவர் குணாளன் மாமா. அம்மாவின் தம்பி. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். சந்தைச் சாமானைக் கட்டினாலும் அப்படித்தான், பிணத்தைக் கட்டினாலும் அப்படித்தான். பல்லால் கடித்து இழுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்து, வெட்கப்பட்டு, மறுபடி நகத்தாலேயே நெம்பினாள்.

“என்னா செய்யிற?” என்றாள் அம்மா லெட்சுமி, தலைமாட்டிலிருந்து.

“போன தொறக்கணும்மா. பின் நம்பர மாத்தி வெச்சிருக்காரு.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு இதைப் பார்த்தார்கள். ஷர்மினி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவிழ்ந்த வலது கட்டைவிரலைத் தன் துப்பட்டாவில் துடைத்து, அப்பாவின் கைப்பேசியில் வைத்து அழுத்தினாள். அது ஒரு முறை அதிர்ந்து மறுத்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் அதிர்ந்தது. குளிர்ந்துபோன விரலை அந்தக் கருவி விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் விரல்களைத் திரும்பக் கட்டினாள். மாமா கட்டியதுபோல இறுக்கமாக வரவில்லை.

முந்தின நாள் மாலை, தேநீர் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார் பக்கிரிசாமி. பினாங்கில், ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். சாவதிலும் யாரையும் காக்க வைக்கவில்லை. அந்தப் பேருந்தின் எண் நினைவுக்கு வந்தபோதுதான் ஷர்மினிக்குப் பொறி தட்டியது. நான்கு இலக்கங்களையும் தட்டினாள். கைப்பேசி திறந்துகொண்டது.

“தொறந்துருச்சா? அப்ப தம்பிக்கு எழுது,” என்றாள் அம்மா. “அவன் ஒரு வார்த்த சொல்லட்டும்.”

பத்து லஞ்சாங் பகுதி மின்சுடலையில் நாலு மணிக்கு இடம் கிடைத்திருந்தது. தவறினால் நாளைக்குத்தான். காலையிலிருந்து மாமா எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்துவிட்டார். அம்மா பிடித்த பிடியை விடவில்லை. கொள்ளி மகன் தயாளனுடையது. அவனால் வர முடியாது, சரி. மாமா வைக்கட்டும் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் இன்னொருவர் வைத்தால், இருக்கிற மகனை இல்லையென்று ஊரறியச் சொன்னதாகிவிடும். அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். அம்மா அதைக் கத்திச் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. கறிக்கு உப்பு வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

தயாளன் எங்கே இருக்கிறான் என்பது அந்த வீட்டிலேயே நான்கு பேருக்குத்தான் தெரியும். இப்போது மூன்று பேர். மற்றவர்களுக்கு அவன் பேங்காக்கில் ஹோட்டல் வேலையில் இருந்தான். உண்மையில், நல்ல சம்பளம், கஸ்டமர் சர்வீஸ் வேலை என்று ஏஜண்டு ஒருவன் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை கூட்டிப்போய், அங்கிருந்து வடக்கே கடத்தி, ஓர் ஆற்றைத் தாண்டி மியன்மார் பக்கம் மதிலும் முள்வேலியும் போட்ட கட்டடத்தில் தள்ளிவிட்டான். அங்கே நாள் முழுக்க வேறொருவராக நடித்து, முகம் தெரியாத மனிதர்களை ஏமாற்ற வேண்டும். கைம்பெண்ணாக எழுதச் சொன்னால் கைம்பெண், டாக்டராக எழுதச் சொன்னால் டாக்டர். சரியாக நடிக்காதவனுக்கு அடி. அப்பா போலீசில் புகார் கொடுத்தார். கோப்பு திறந்தார்கள். இரண்டு வருடமாக அந்தக் கோப்பு திறந்தேதான் இருந்தது.

எப்படியோ ஒரு கைப்பேசியைத் தேடி ஒளித்து வைத்துக்கொண்டு, தயாளன்தான் அந்தச் செயலியை அப்பாவின் போனில் போடச் சொன்னான். நடுவில் யாரும் படிக்க முடியாத செயலி. போட்டுக் கொடுத்தவள் ஷர்மினி. பேசும் இரண்டு பேருக்கும் சேர்த்து அது நீளமான ஓர் எண்ணைக் கொடுக்கும். அறுபது இலக்கம். இரண்டு போனிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். போன் மாறினால் எண்ணும் மாறும். ஒத்துப்பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் பெயருக்குப் பக்கத்தில் சரி என்று ஒரு குறி விழும்.

“இங்க உள்ளவனுங்க என்னை மாதிரியே எழுதுவானுங்க,” என்று முதல் அழைப்பிலேயே தயாளன் கிசுகிசுத்தான். “எம்பேர்ல வந்து ஏதாச்சும் கேப்பானுங்க. நம்பர் பாக்காம நம்பாதீங்க. ஆனா அக்கா, நம்பர் ஒத்துப்போனா, நடுவுல எவனும் இல்லன்னுதான் அர்த்தம். போன் யாரு கையில இருக்குன்னு அதுக்குத் தெரியாது லா. அதுக்குக் கொரலுதான். கொரல்ல படிச்சுக் கேளு.”

அதனால் அப்பனும் மகனும் எண் படித்தார்கள். அப்பா ஐந்து இலக்கம், தயாளன் ஐந்து இலக்கம். அவன் மலாய்ப் பள்ளியில் படித்தவன். அவருக்கும் எண் என்றால் மலாயில்தான் வரும். துஜோ, தீகா, கோசோங், லீமா. பக்கத்தில் ஆள் நின்றால் அவன் வேறு எதையும் பேச முடியாது. எண்ணைப் பேசலாம், கேட்பவன் ஏதோ லாட்டரி நம்பர் என்று நினைத்துக்கொள்வான். எனவே, எண் மாறாத நாட்களிலும் படித்தார்கள். நலமா என்று கேட்பதும் நலம் என்று சொல்வதும் அதிலேயே முடிந்துவிடும். அம்மா சமையற்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்று, பூஜ்யத்துக்கு மகன் ‘கோசோங்’ சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவாள். அவன் அதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வான்.

மாசி மாதத்தோடு குரல் நின்றுபோயிற்று. “அங்க இப்ப ரொம்ப கடுமையாம். பேச முடியாதாம், எழுத்துதான்,” என்றார் அப்பா. மாலைதோறும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துச் சொல்வார்: பசியாறிட்டானாம். காய்ச்சல் விட்டுருச்சாம். அம்மாவைக் கேட்டானாம். ஒரு நாளில் எழுத்தெல்லாம் தானாக அழிந்துவிடும்படி தயாளன் முன்பே வைத்திருந்தான். அதனால் திரும்பிப் படிக்க எதுவும் இருக்காது. அப்பா சொன்னதுதான் செய்தி.

ஷர்மினி எழுதினாள். ‘தம்பி, அக்கா எழுதுறேன். அப்பா நேத்து தவறிட்டாரு.’

அனுப்பியதும் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. தயாளனோடு உள்ள பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்றது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த சரிக்குறி காணாமல் போனது.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. ‘அக்கா.’ பிறகு, ‘எப்படி?’

“என்னாம்மா, கெடச்சானா?” என்றார் மாமா.

“நம்பர் மாறியிருக்கு மாமா. பாத்துட்டுச் சொல்றேன்.”

எண்ணை அனுப்பச் சொன்னாள். அறுபது இலக்கமும் வந்தன. அவற்றை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, தன் பக்கத்து எண்ணோடு ஒப்பிட்டாள். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் எண் வாசிப்பதை வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, பத்தியின் புகையைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை.

“ஒத்துப்போச்சா?” என்றாள் அம்மா.

“ஒத்துப்போச்சு.”

“அப்ப ஓகே லா,” என்று மாமா எழுந்தார். “பெட்டிக்காரனுக்குப் போன் போட்றேன்.”

“இருங்க மாமா.”

ஷர்மினி சிப் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். பார்க்காமலே ஒட்டப்பட்ட ‘பாஸ்’ சீட்டுகளை எத்தனையோ கிழித்திருக்கிறாள். எண் ஒத்துப்போனதில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யாராக இருந்தாலும் அவன் திரையிலும் இதே எண்தான் இருக்கும். எண் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதிலும் சொல்லவில்லை. அழைத்துப் பார்த்தாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது. ‘கொரல்ல படி தம்பி,’ என்று எழுதினாள். ‘நீ சொன்னதுதான்.’

அடுத்த வீட்டு ஷஹீதா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்து, எல்லோருக்கும் கொடுத்து, அம்மாவுக்குக் கொடுத்ததை அம்மா தொடாமல் வைத்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பள்ளிவாசல் தெருவில் பிறந்த தமிழ் முஸ்லிம் பெண். அப்பாவோடு தினமும் லிஃப்டில் சண்டை பிடிப்பவள். நேற்றிலிருந்து அழுது அழுது அவள் குரல்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கட்டியிருந்தது.

அப்போது குரல்பதிவு வந்தது. ஷர்மினி காதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அம்மா கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

கிசுகிசுப்பு. ஆண் குரல். மூச்சுதான் பாதி. “ஏழு, மூணு, சைபர், அஞ்சு, எட்டு... ரெண்டு, சைபர், சைபர், ஒண்ணு...” தப்பில்லாமல், அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல முழுதும் படித்து முடித்தது.

எண் எதற்கென்று புரியாவிட்டாலும், மகன் கிடைத்தான் என்று கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா தலையைச் சாய்த்துக் கடைசி இலக்கம் வரைக்கும் கேட்டாள்.

“தொண்ட கட்டியிருக்கு அவனுக்கு,” என்றாள். கைப்பேசியைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “அவன்தான்.”

ஷர்மினி எழுந்து சமையற்கட்டைக் கடந்து துணி உலர்த்தும் பின்கட்டுக்குப் போனாள். சைபர். பினாங்கில் பிறந்து வளர்ந்த எவனும் போன் நம்பரில் கோசோங் சொல்லாமல் சைபர் சொல்லி அவள் கேட்டதில்லை. தயாளனுக்கு அந்தச் சொல்லே தெரியுமா என்பது சந்தேகம். அப்பாவின் சட்டைகள் இரண்டு கம்பில் தொங்கின, எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஆயர் ஈத்தாம் மலை வெயிலில் கிடந்தது.

‘நீங்க யாரு?’ என்று எழுதி அனுப்பினாள்.

எழுதிக்கொண்டிருப்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன. அந்த நேரத்தில் ஷர்மினி வேண்டிக்கொண்டதைக் கேட்டால் சாமியே முகம் சுளித்திருக்கும். இவன் ஒரு திருடனாக இருக்க வேண்டும். தயாளனின் போனைப் பிடுங்கிக்கொண்ட ஏமாற்றுக்காரனாக இருக்க வேண்டும். பணம் கேட்க வேண்டும், மிரட்ட வேண்டும். கேட்டுவிட்டால் தயாளன் எங்கோ ஒரு அறையில் போனில்லாமல், அடிபட்டாவது, உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். ஏதாவது கேள், கேட்டுத் தொலை என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

‘மன்னிச்சிருங்க அக்கா,’ என்று வந்தது. ‘எனக்கு ஒண்ணும் வேணாம். எம்பேரு சாதிக். ராமநாதபுரம் பக்கம். தயாளன் கூட ஒரே ரூம்ல இருந்தேன்.’

ஒன்றும் வேண்டாம் என்று படித்ததும் அவளுக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

‘தயாளன் எங்க?’

‘உங்க ஐயாவுக்குத் தெரியும் அக்கா.’

‘எங்கன்னு கேட்டேன்.’

‘நோன்பு தொடங்குறதுக்கு முந்தி. மூணு பேரு ஆத்துல எறங்கித் தப்பிக்கப் பாத்தாங்க. என்னையும் கூப்பிட்டான். நீச்சல் தெரியாதுன்னு நான் எறங்கல. விடிஞ்சதும் பொணத்தக் கரையில கொண்டாந்து போட்டு எங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னாங்க. பயம் வரணும்னு.’

‘அவன்தானா?’

‘அவன்தான் அக்கா. மொகத்தப் பாத்தேன்.’

‘அப்புறம்?’

‘லாரி வந்துச்சு. எங்க கொண்டு போனாங்கன்னு தெரியல.’

ஷர்மினி அழவில்லை. அழுதால் கூடத்துக்குக் கேட்கும் என்பது ஒரு காரணம். அதைவிட, தம்பி செத்துப்போனான் என்பதை அவள் மனசு இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் சாவு நேற்று நடந்ததல்ல, இன்று நடந்ததல்ல; ஏழு மாதமாக நடந்து முடிந்து கிடந்திருக்கிறது. இவள் அதற்குள் அவன் பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டியிருக்கிறாள்.

‘சிம் அவன் எங்கிட்ட குடுத்திருந்தான்,’ என்று சாதிக் எழுதினான். ‘வேற போன்ல போட்டேன். நம்பர் மாறிருச்சுன்னு ஐயாவே கூப்பிட்டாரு. எனக்குச் சொல்ல வாய் வரல. நம்பர் படின்னாரு, படிச்சேன். ரெண்டு மூணு இலக்கம் சொல்றதுக்குள்ள நிறுத்தி நீ யாருப்பான்னாரு. சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல, லைன்லயே இருந்தாரு. அப்பறம் மிச்சத்தையும் படின்னாரு. முழுக்கப் படிச்சேன். சரி ஒத்துப்போச்சுன்னு சொல்லி வெச்சிட்டாரு.’

அவள் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்கப்புறம் அப்பா பொத்தானை அழுத்தியிருக்கிறார். சரி என்று குறி போட்டிருக்கிறார்.

‘மறுநாள் அவரே எழுதுனாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, நீயே எழுதுப்பான்னாரு. நித்தம் சாப்பிட்டியான்னு கேப்பாரு. என்னையக் கேக்குறாரா அவனக் கேக்குறாரான்னு எனக்குத் தெரியாது. சாப்பிட்டேன்னு எழுதுவேன். ரெண்டு நாளைக்கு முன்னாடி மறுபடி போன் மாத்த வேண்டியதாப் போச்சு. அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்.’

மாசியில் ஒரு நாள் அப்பா மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றார். மீசையும் இல்லை. தைப்பூசம் முடிஞ்சு போன பெறகு என்னாப்பா மொட்டை, பஸ்ஸ விட்டுட்டீங்களா என்று கிண்டல் செய்தவள் இவள்தான். பழைய வேண்டுதல் என்று சிரித்தார். மகனுக்கு அப்பன் செய்த கருமாதி அது. நீர்மாலை இல்லை, பந்தல் இல்லை, தோளைப் பிடிக்க ஓர் ஆள் இல்லை. எந்தக் கடையில் போய்த் தலையைக் கொடுத்தாரோ. அன்றைக்கு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்து, அவரை உட்கார வைத்து, தலை முழுக்கப் பூசிவிட்டாள். இப்போது நினைத்தால், அம்மா ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் ஷர்மினிக்குப் பயமாக இருந்தது.

“ஷர்மினி.” மாமா வாசலில் நின்றார். “வேன் கீழ வந்துருச்சு. தம்பி என்னா சொல்றான்? சீக்கிரம் கேளும்மா, சாமி பாடறவங்களும் வந்துட்டாங்க.”

“ரெண்டு நிமிஷம் மாமா.”

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். அப்பாவின் பக்கத்திலேயே இன்னொரு சாவையும் இறக்கி வைக்கலாம். அம்மா இரண்டையும் சேர்த்து அழட்டும். இல்லையென்றால் அப்பா தூக்கிய மூட்டையை இன்றிலிருந்து இவள் தூக்க வேண்டும். தினமும் மாலையில் கைப்பேசியைப் பார்த்து, பசியாறிட்டானாம் என்று சொல்ல வேண்டும். எதைச் செய்தாலும் தம்பி வரப்போவதில்லை. அப்பா எழுந்திருக்கப்போவதில்லை. எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன என்ற வெறுப்பு அவளுக்கு வந்தது, அப்பாவின் மேல்கூட வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தேநீர் கேட்டுவிட்டுச் சாகிறாரே.

‘இன்னும் ஒரு தடவ நீங்க அவனா இருக்கணும்,’ என்று எழுதினாள். ‘அம்மா கொரல் கேக்கணும்னு ஒக்காந்திருக்காங்க. உங்க கேமராவ மூடி வெச்சுக்குங்க. கொள்ளிய மாமா வைக்கட்டும்னு மட்டும் சொல்லுங்க.’

‘எனக்குப் பேச்சு உங்க மாதிரி வராதே அக்கா.’

‘கொறச்சலாப் பேசுங்க.’

‘சரி. ஐயா மொகத்த நானும் பாத்துக்கலாமா? ஒரு தடவகூடப் பாத்ததில்ல.’

அவள் கூடத்துக்கு வந்தாள். அழைத்தாள். அந்தப் பக்கத்துத் திரை கறுப்பாக இருந்தது. கேமராவை அப்பாவின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நெற்றியில் திருநீறு, தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி, மறுபடி வளர்ந்திருந்த வெள்ளை மீசை. அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு கேட்டது. ஏதோ ஒன்றை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுகிறவனின் மூச்சு.

“தயாளா,” என்றாள் அம்மா.

“அம்மா.”

“அப்பாவப் பாத்துக்கிட்டியா?”

“பாத்தேம்மா.”

“கொள்ளிக்கு என்னா சொல்ற?”

“மாமா... மாமா வைக்கட்டும்மா.”

அம்மா தலையாட்டினாள். கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு இன்னும் ஆயிரம் இருக்கும் என்று ஷர்மினி பயந்து நின்றாள்.

“சரிய்யா,” என்றாள். “ஒடம்பப் பாத்துக்க. வேளைக்குப் பசியாறு.”

ஷர்மினி அழைப்பைத் துண்டித்தாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தேவாரம் பாடினார்கள். பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து அப்பாவை அதில் இறக்கினார்கள். தட்டில் வாய்க்கரிசி வந்தது. மாமா தாடைக்கட்டை அவிழ்த்து, முதலில் தான் போட்டார். சித்தப்பா, பெரியப்பா வழி ஆட்கள் போட்டார்கள். ஷர்மினியின் முறை வந்தபோது அம்மா சொன்னாள், “தம்பிக்கும் சேத்து நீயே போடு.”

ஒரு பிடி எடுத்து அப்பாவின் உதட்டில் வைத்தாள். இது தன்னுடையது. அரிசி குளிர்ந்த உதட்டில் நிற்காமல் பாதி கன்னத்தில் சரிந்தது. இன்னொரு பிடி எடுத்தாள். இது தயாளன் அப்பாவுக்குப் போடுவது. அதையும் வைத்தாள்.

கையை எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் கை தட்டிலேயே நின்றது. ஆற்றங்கரையில் போட்டு வைத்தவனுக்கு யாரும் ஒரு மணி அரிசி போட்டிருக்க மாட்டார்கள். அவன் வாயில் மண்தான் இருந்திருக்கும். நினைத்ததும் கை தானாக மூன்றாவது பிடியை அள்ளியது.

“ரெண்டுதானம்மா,” என்றார் மாமா மெதுவாக.

அவள் காதில் வாங்கவில்லை. மூன்றாவது பிடியையும் அப்பாவின் வாயிலேயே போட்டாள், ஒரு மணியும் சிந்தாமல், விரலால் உள்ளே தள்ளிவிட்டு. நிமிர்ந்தபோது அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. ஷர்மினியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷர்மினி எதையாவது சொல்ல வாயெடுத்தாள். அம்மா அதற்குள் தட்டின் பக்கம் குனிந்துவிட்டாள்.

அம்மா ஒரு பிடி எடுத்துக் கணவனுக்குப் போட்டாள். சிந்திய மணிகளைக் கன்னத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்குள் வைத்தாள். பிறகு மறுபடி தட்டில் கையை விட்டு, பிடி நிறைய அள்ளினாள். அள்ளிய கை பெட்டிக்கு மேலே வந்து நின்றது. விரல்கள் விரியவில்லை. மாமா காத்திருந்தார். பெட்டிக்காரர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா மூடிய கையை அப்படியே மடிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

“போதும், மூடுங்க,” என்றாள்.

லிஃப்டில் பெட்டி கொள்ளாது. மூன்று மாடியும் படிவழியே, திருப்பத்துக்குத் திருப்பம் சாய்த்தும் நிமிர்த்தியும் இறக்கினார்கள். மாமா கீழேயிருந்து வலது, இடது என்று கத்திக்கொண்டே போனார். பெண்கள் மேலே நடைபாதைக் கம்பியோரமாக நின்றார்கள். கீழே வேனின் பின்கதவு சாத்தும் சத்தம் வந்தபோது அம்மா கம்பியோரத்திலிருந்து படிப்பக்கம் நகர்ந்தாள். ஷஹீதா பதறி, பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினாள்.

அம்மா இடது கையைக் கொடுத்தாள். வலது கை, அள்ளிய அரிசியோடு, முந்தானைக்குள் மூடியே இருந்தது.